ஒரே நாளில் சமர்க்கந்து: வாங்க வேண்டாத பயணத் தொகுப்பும் காண வேண்டிய ஊரும்

தாஷ்கந்தில் காலை ரயில் ஏறி, சமர்க்கந்து முழுவதையும் பார்த்துவிட்டு, இரவுச் சாப்பாட்டுக்குத் தாஷ்கந்துக்கே திரும்பிவிடலாம் என்று சொல்லி விற்கப்படும் ஒருநாள் பயணத் தொகுப்பு ஒன்றை நானும் என் மனைவியும் சென்ற ஏப்ரல் மாதத்தில் வாங்கினோம். அதில் கிடைத்தது போதாமல், இரண்டு நாள் கழித்து எங்கள் சொந்தச் செலவில் அதே ஊருக்குத் திரும்பிச் சென்று மூன்று இரவுகள் தங்கினோம். ஒரே ஊரை இருமுறை, இருவிதமாகப் பார்த்தவர்கள் என்ற முறையில் எழுதும் இந்த மதிப்பீடு, உஸ்பெகிஸ்தானுக்குப் பயணத் திட்டம் போடுகிறவர்களுக்கு உதவக்கூடும். தொகுப்பை நடத்திய நிறுவனத்தின் பெயரை எழுதப்போவதில்லை. விடுதியில் சந்தித்த மற்றப் பயணிகளிடம் விசாரித்த வரையில், வேறு இடங்களில் வாங்கியவர்களுக்கும் ஏறக்குறைய இதே அனுபவம்தான்.

ரயிலைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. 2011 முதல் ஓடும் அஃப்ரோசியோப் என்ற அதிவேக ரயில், தாஷ்கந்துக்கும் சமர்க்கந்துக்கும் இடையிலான சுமார் 340 கிலோமீட்டரை இரண்டேகால் மணி நேரத்துக்குள் கடந்துவிடுகிறது. பெட்டிகள் ஸ்பெயின் நாட்டுத் தயாரிப்பு, இருக்கை வசதியானது, நேரம் பிசகவில்லை. குறை தொடங்கியது நிலையத்துக்கு வெளியே வேன் கதவு திறந்த பிறகுதான். பதினொரு பேர், ஐந்து இடங்கள், மதிய உணவு, இவற்றோடு நிகழ்ச்சி நிரலில் "கைவினைப் பட்டறை" என்று மட்டும் குறித்திருந்த ஓர் இடம். அந்தப் பட்டறை ஒரு கம்பள விற்பனைக்கூடம். அங்கே எண்பது நிமிடம் உட்கார வைத்துப் பச்சைத் தேநீர் கொடுத்து, ஒவ்வொன்றாகப் பட்டுக் கம்பளங்களை விரித்துக் காட்டினார்கள். அதே நாளில் ஷா-இ-ஸிந்தா என்ற அடக்கத்தலங்களின் வீதிக்கு எங்களுக்கு ஒதுக்கப்பட்ட நேரம் இருபத்தைந்து நிமிடம். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே தொகுப்பின் தரம் விளங்கிவிடும்.

வழிகாட்டியாக வந்த இளைஞர் பண்பானவர், ஆங்கிலமும் சரளமாகப் பேசினார். ஆனால் எந்த இடத்தில் இறங்கினாலும், நீங்கள் பார்ப்பதெல்லாம் அறுநூறு ஆண்டுப் பழமை வாய்ந்தது என்ற ஒரே வாக்கியத்தைச் சொல்லிவிட்டு, படமெடுக்கப் பத்து நிமிடம் கொடுத்தார். மூன்றாவது முறை அதைச் சொன்னபோது, எதிரே இருந்த சுவரின் ஓடுகள் நேற்றுப் பதித்தவைபோலப் பளபளத்துக்கொண்டிருந்தன. "தம்பி, இதுவும் அறுநூறு வருஷமா?" என்று என் மனைவி தமிழிலேயே கேட்டுவிட்டார். அவருக்குப் புரிந்திருக்காது, புன்னகைத்தார். சமர்க்கந்துக்கு நாங்கள் திரும்பிப் போனதற்கு அந்தக் கேள்விதான் காரணம்.

ரெகிஸ்தான் என்றால் மணல் திடல் என்று பொருள். மூன்று பக்கமும் மூன்று மதரசாக்கள் எதிரெதிரே நிற்க, நான்காம் பக்கம் திறந்து கிடக்கும் இந்தச் சதுக்கம்தான் விளம்பரப் படங்களில் வரும் சமர்க்கந்து. மேற்கில் இருப்பது, இந்த ஊரைத் தலைநகராக்கி ஆண்ட பேரரசர் தைமூரின் பேரன் உலுக் பேக் 1417 முதல் 1420 வரை கட்டியது. அதற்கு எதிரே நிற்கும் ஷேர்-தோர் இருநூறு ஆண்டு பிந்தையது. அதன் காலம் 1619 முதல் 1636 வரை. நடுவில் உள்ள தில்லா-கோரி 1646இல் தொடங்கி 1660இல் முடிந்தது. பின்னிரண்டையும் கட்டுவித்தவர் யலாங்துஷ் பகதூர் என்ற ஆளுநர். ஆக, அறுநூறு ஆண்டு என்ற கணக்கு மூன்றில் ஒன்றுக்குத்தான் பொருந்தும் என்பது நுழைவாயிலிலேயே தெரிந்துவிடுகிறது. ஷேர்-தோரின் முகப்பில், முதுகில் மனித முகமுள்ள சூரியனைச் சுமந்தபடி வெள்ளை மானைத் துரத்தும் இரண்டு விலங்குகள் உள்ளன. 'சிங்கமுள்ளது' என்று பொருள்படும் பெயரின்படி அவை சிங்கங்கள். உடம்பில் இருப்பதோ புலியின் வரிகள். வரைந்தவர் இரண்டில் எதையும் நேரில் பார்த்திருக்க மாட்டார் என்றுதான் எனக்குத் தோன்றியது.

இரண்டாம் முறை போனபோது, காலையில் நுழைவாயில் திறந்த சிறிது நேரத்துக்குள் உள்ளே இருந்தோம். பத்து மணிக்குமேல் பேருந்துக் கூட்டம் வந்துவிடுகிறது; அதற்கு முன்பு கிடைக்கும் நேரத்தை எக்காரணம் கொண்டும் விட்டுவிடக் கூடாது. இளவெயில் சாய்வாக விழும்போது ஓட்டு வேலையின் வகைகள் கண்ணுக்குத் தனித்தனியாகப் புலப்படுகின்றன. சில இடங்களில் மெருகில்லாத செங்கற்களுக்கு இடையே நீல மெருகுக் கற்களைச் செருகிக் கோண வடிவங்களை உருவாக்கியிருக்கிறார்கள். சில இடங்களில் ஒவ்வொரு இதழையும் ஒவ்வொரு கொடியையும் தனித்தனி நிற ஓட்டிலிருந்து வெட்டியெடுத்து, ஒட்டுப்படம்போல இணைத்திருக்கிறார்கள். வேறு சில இடங்களில் ஒரே சதுர ஓட்டின்மீது பல வண்ணங்களைத் தீட்டிச் சுட்டிருக்கிறார்கள். இவற்றில் வெட்டி இணைப்பதே கடினமான வேலை. உலுக் பேக் மதரசாவின் முகப்பில் விரல்கடை தூரத்தில் நின்று பார்த்தால், ஒரு கட்டைவிரல் அகலமுள்ள வெள்ளை நட்சத்திரத்தைச் சுற்றிக் கறுப்பு, கருநீலம், பசுநீலம் என மூன்று நிறத் துண்டுகள் மயிரிழை இடைவெளியில் அமர்ந்திருப்பதைக் காணலாம். பழைய ஓட்டில் நீலம் ஒரே சீராக இராது. ஓரத்தில் சற்றுக் கசிந்து, நடுவில் ஆழ்ந்து, மேலே மெல்லிய வெடிப்புகளோடு இருக்கும். புதிய ஓட்டில் நீலம் ஒரே தட்டையாக இருக்கும். அரை மணி நேரம் பார்த்துப் பழகிவிட்டால், எது எந்தக் காலத்து வேலை என்பதை ஓரளவு நாமே பிரித்துவிடலாம்.

இந்த மதரசாவுக்குள் கணிதம் சொல்லிக்கொடுத்தார்கள் என்பதும் தொகுப்பில் யாரும் சொல்லாத செய்தி. உலுக் பேக் அரசராக இருந்தும் முதன்மையாக வானியலாளர். அவர் சமர்க்கந்துக்கு வரவழைத்துச் சேர்த்துக்கொண்ட அறிஞர்களில் ஒருவரான அல்-காஷி, 1424இல் 'பை' என்ற எண்ணைப் பதினாறு தசம இடங்கள் வரை கணித்தவர். இன்று மாணவர்கள் தங்கிய அறைகளெல்லாம் கடைகளாகிவிட்டன. பூவேலைத் துணி, மண்தட்டு, பட்டுக் கழுத்துத்துண்டு என ஒவ்வோர் அறையிலும் விற்பனை. சிலருக்கு இது உறுத்தலாம். எனக்கு அவ்வளவாக உறுத்தவில்லை. ஆனால் ஒரேயோர் அறையையாவது பாயும் விளக்கும் ஏட்டுப் பலகையுமாக, மாணவன் வாழ்ந்த அறையாகவே வைத்துக் காட்டியிருந்தால், பார்க்க வருகிறவர்கள் அங்கே இன்னும் சற்று நேரம் நின்றிருப்பார்கள்.

தில்லா-கோரியின் தொழுகைக்கூடத்துக்குள் நுழைந்ததும் தலையை நிமிர்த்தினால், பொன்னும் நீலமுமாகச் சுழன்று உயரும் ஒரு குவிமாடத்தின் உட்புறம் தெரியும். உண்மையில் அந்தக் கூரை தட்டையானது. நடுவை நோக்கிச் செல்லச் செல்ல இலைகளையும் வளையங்களையும் சிறிதாக்கிக்கொண்டே போய்க் கண்ணை ஏமாற்றியிருக்கிறார்கள். ஆனால் அங்கே எங்களை அதிக நேரம் நிறுத்தி வைத்தவை, பக்கத்து அறையில் மாட்டியிருந்த பழைய நிழற்படங்கள். இடிந்த வளைவுகள், ஓடு உதிர்ந்த சுவர்கள், சதுக்கம் நிறையச் சந்தைக் கடைகள். அந்தக் காலத்துப் படங்களில் தில்லா-கோரிக்கு வெளியில் தெரியும் நீலக் குவிமாடமே இல்லை. 17ஆம் நூற்றாண்டில் கட்டி முடிக்கப்படாமலேயே விடப்பட்ட அதை எழுப்பியவர்கள் சோவியத் காலப் பொறியாளர்கள்; உள்ளே மின்னும் பொன்பூச்சும் 1970களில் புதுப்பிக்கப்பட்டது. உலுக் பேக் மதரசாவின் மினாராக்களில், அதாவது மூலைக் கோபுரங்களில், ஒன்று சரிந்துகொண்டே வந்தபோது, 1932இல் ரஷ்யப் பொறியாளர் விளாதிமிர் ஷூகோவ் வகுத்த முறைப்படி, இடிக்காமலேயே அதை நிமிர்த்தினார்கள். செங்கல்லால் ஆன ஒரு முழுக் கோபுரத்தைப் பெயர்க்காமல் நேராக்கியது வியக்கத்தக்க கதை இல்லையா? அதை மறைத்துவிட்டு, எல்லாமே அறுநூறு ஆண்டு என்று சொல்வதால் யாருக்கு என்ன லாபம் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. தொகுப்பில் போனவர்கள் இந்தப் படங்கள் இருக்கும் அறைக்குள் நுழையவே இல்லை.

இந்தப் படங்களைப் பார்த்தபின் ஊர் வேறாகத் தெரிந்தது. பீபி ஹானிம் பள்ளிவாசல் அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இந்தியாவிலிருந்து போகிறவர்களுக்கு அது வெறும் கட்டடம் அல்ல. 1398 டிசம்பரில் தில்லியைச் சூறையாடிய தைமூர், அங்கிருந்து கொண்டுபோன செல்வத்தையும், சிறைப்பிடித்துச் சென்ற கல்தச்சர்களையும், யானைகளையும் வைத்து அடுத்த ஆண்டே தொடங்கிய வேலை அது. 1404இல் அங்கே வந்த காஸ்தீலிய (இன்றைய ஸ்பெயினின் ஒரு பகுதி) நாட்டுத் தூதர் கிளாவிகோ எழுதி வைத்த குறிப்பில் ஒரு காட்சி உண்டு. நுழைவாயில் தாழ்வாக இருக்கிறது என்று சினந்து அதை இடிக்கச் சொன்ன தைமூர், உடல் நலிந்த நிலையிலும் பல்லக்கில் வந்து அமர்ந்து, அடித்தளக் குழிக்குள் வேலை செய்தவர்களுக்கு மேலிருந்து இறைச்சியையும் காசையும் எறிந்துகொண்டிருந்தாராம். அவசரத்தில் எழுப்பிய கட்டடம் விரைவிலேயே விரிசல் விடத் தொடங்கியது. 1897 நிலநடுக்கத்தில் பெரும்பகுதி விழுந்தது. இப்போது நாம் பார்ப்பதில் பெரும்பங்கு 1970களில் தொடங்கிய மறுகட்டுமானம். வெளியே நின்றால் பிரமாண்டம். உள்ளே எட்டிப் பார்த்தால் காரை உதிர்ந்த சுவரும் மேல்நோக்கி ஓடும் விரிசலும். முற்றத்து நடுவில், உலுக் பேக் காலத்தில் செய்யப்பட்ட மாபெரும் பளிங்குக் குர்ஆன் தாங்கி நிற்கிறது. குழந்தை வரம் வேண்டும் பெண்கள் அதன் கால்களுக்கு இடையே தவழ்ந்து போவது முன்னாள் வழக்கம். தில்லித் தச்சனின் உளி பட்ட கல் எது என்று யாராலும் சுட்டிக்காட்ட முடியாது. என்றாலும் அந்த முற்றத்தில் நாங்கள் இருவரும் சற்று நேரம் பேசாமல்தான் உட்கார்ந்திருந்தோம்.

தைமூரின் சமாதியான கூர்-இ-அமீரைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 1403இல் இறந்த தன் பேரன் முகமது சுல்தானுக்காக எழுப்பத் தொடங்கிய கட்டடத்தில், 1405இல் சீனப் படையெடுப்புக்குக் கிளம்பிய வழியில் இறந்த தைமூரையும் அடக்கம் செய்தார்கள். கரும்பச்சை ஜேட் கல்லாலான அவரது கல்லறை மேல்தளத்தில் அடையாளத்துக்கு மட்டுமே இருக்கிறது. உடல் கீழே நிலவறையில். 1941 ஜூனில் கல்லறையைத் திறந்ததால்தான் ஹிட்லர் சோவியத் நாட்டின்மீது படையெடுத்தார் என்ற சாபக் கதையை வழிகாட்டி பதினைந்து நிமிடம் விவரித்தார். ஹிட்லர் அந்தப் படையெடுப்புக்கான ஆணையில் கையெழுத்திட்டது 1940 டிசம்பரிலேயே என்பதைச் சொன்னால் கதை கெட்டுவிடும். கல்லறையைத் திறந்து ஆய்வை நடத்திய சோவியத் மானுடவியலாளர் கெராசிமோவ் கண்டறிந்தவை சாபத்தைவிடச் சுவையானவை. தைமூர் உண்மையிலேயே கால் ஊனமுற்றவர் என்பதும், மகனின் தூண்டுதலால் 1449இல் கொல்லப்பட்ட உலுக் பேக்கின் தலை துண்டிக்கப்பட்டிருந்தது என்பதும் எலும்புகளிலேயே தெரிந்தன. இந்த இடத்துக்கு இரவில் போவது நல்லது. விளக்கொளியில் வரிவரியான குவிமாடம் பகலைவிட அழகாக இருக்கிறது.

ரெகிஸ்தானிலிருந்து பீபி ஹானிம் வரை இப்போது கார்கள் இல்லாத அகன்ற நடைபாதை. மின்சார வண்டிகள் பயணிகளை ஏற்றிக்கொண்டு மெல்லப் போகின்றன. இருபுறமும் துப்புரவான கடைகள், புல்வெளி, பூச்செடி. அந்த ஒழுங்குக்குப் பின்னால் நீளமாக ஒரு மதில் ஓடுவதை முதல் நாள் நாங்கள் கவனிக்கவே இல்லை. பழைய குடியிருப்புகள் பயணிகளின் கண்ணில் படாமலிருக்க எழுப்பிய மதில் அது. ஆங்காங்கே சிறிய கதவுகள் இருக்கின்றன, யாரும் தடுப்பதில்லை. ஒன்றைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனோம். மண் சுவர் வீடுகள், சந்துக்குக் குறுக்கே மஞ்சள் நிற எரிவாயுக் குழாய், திண்ணைபோன்ற மேடையில் உட்கார்ந்து பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்த ஒரு பாட்டி. முன்பற்கள் முழுவதும் தங்கம். "ஹிந்துஸ்தான்?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் உள்ளே போய்த் தேநீர்க் கெண்டி கொண்டுவந்தார். கிண்ணத்தில் கால்வாசிதான் ஊற்றினார். அதைக் கஞ்சத்தனம் என்று நினைத்துவிடக் கூடாது; அடிக்கடி ஊற்றிக்கொடுப்பதுதான் அங்கே விருந்தினருக்குச் செய்யும் மரியாதை. இந்த ஊரில் பெரும்பாலோர் வீட்டில் பேசுவது உஸ்பெக் அல்ல, பாரசீகத்தின் கிளையான தாஜிக். எங்களுக்கு இரண்டுமே தெரியாது. கைசாடையிலேயே அரை மணி நேரம் போனது. காசு கொடுத்தால் கிடைக்கும் எந்தத் தொகுப்பிலும் இது இல்லை. ஆனால் அந்தக் கதவைக் காட்டிவிடவாவது ஒரு வழிகாட்டியால் முடியும்.

பீபி ஹானிமை ஒட்டியே சியோப் சந்தை. ரொட்டிக்கடை வரிசையிலிருந்து தொடங்குங்கள். சமர்க்கந்து ரொட்டி கனமானது, விளிம்பு தடித்தது. நடுப்பகுதியை முள்பதித்த முத்திரைக் கட்டையால் குத்தித் தாழ்த்தி, தந்தூர் அடுப்பின் சுவரில் அறைந்து சுடுகிறார்கள். மேலே கண்ணாடிபோன்ற மினுமினுப்பு. இந்த ஊர்க் காற்று இல்லாமல் இந்த ரொட்டி வராது என்று உள்ளூர்க்காரர்கள் அடித்துச் சொல்கிறார்கள். பல நாள் கெடாது. ரொட்டியைக் கவிழ்த்து வைப்பது அங்கே பெரிய தவறு. என் மனைவி தெரியாமல் அப்படி வைத்தபோது, கடைக்காரப் பெண் ஒன்றும் சொல்லாமல் கையை நீட்டி அதைத் திருப்பி வைத்துவிட்டுத் தன் கணக்கைத் தொடர்ந்தார்.

சைவ உணவு மட்டுமே உண்பவர்களுக்கு நேர்மையாகச் சொல்ல வேண்டுமானால், சிரமம்தான். ஊரின் பெருமைக்குரிய உணவான பலாவ், ஆட்டிறைச்சியும் கொழுப்பும் மஞ்சள் காரட்டும் அரிசியும் ஒரே இரும்புக் கொப்பரையில் வேகும் பண்டம். இறைச்சியை மட்டும் எடுத்துவிடுங்கள் என்று கேட்பதற்குப் பொருளே இல்லை. தாஷ்கந்தில் கிளறிப் பரிமாறுவதை இங்கே அடுக்கு அடுக்காக, அரிசி கீழும் காரட் நடுவும் இறைச்சி மேலுமாகத் தட்டில் வைக்கிறார்கள். அசைவம் உண்பவர்கள் மதியம் ஒரு மணிக்குள் போய்விட வேண்டும். நல்ல கடைகளில் கொப்பரை அதற்குள் காலியாகிவிடுகிறது. தொகுப்பில் எங்களுக்குத் தந்த மதிய உணவு மூன்று மணிக்கு, ஆறிப்போன பலாவ். என் மனைவிக்கு மிஞ்சியது தக்காளி வெங்காயப் பச்சடி. பின்னர் தங்கிய நாட்களில் ரொட்டி, கெட்டித் தயிர், பூசணிக்காய் அடைத்த சம்சா, உலர்ந்த சர்க்கரை பாதாமி, பாதாம், வெள்ளரி என்று அவர் தாராளமாகவே சமாளித்துவிட்டார். ஊறுகாய்ப் பொட்டலம் ஒன்று கையில் இருந்தால் இன்னும் நல்லது.

இப்போது ஷா-இ-ஸிந்தா. மற்ற இடங்களையெல்லாம் விட்டுவிட்டு இதை ஒன்றை மட்டும் பார்த்துத் திரும்பினாலும் பயணச் செலவு வீணில்லை என்பது என் கருத்து. பெயருக்கு "உயிரோடிருக்கும் அரசர்" என்று பொருள். நபிகள் நாயகத்தின் சிறிய தந்தை அப்பாஸ் அவர்களின் மகனான குஸம் இங்கே அடங்கியிருப்பதாக நம்பிக்கை. அவரது அடக்கத்தலத்தை நோக்கி ஏறிச் செல்லும் குறுகிய சந்தின் இருபுறமும், 11ஆம் நூற்றாண்டிலிருந்து தொடங்கிப் பல தலைமுறைகள் தங்கள் உறவினருக்குச் சமாதிகள் கட்டிக்கொண்டே போயிருக்கிறார்கள். தைமூர் காலத்துச் சமாதிகளில் பல பெண்களுக்கானவை. தொடக்கத்தில் ஒரு செங்குத்தான படிவரிசை. ஏறும்போது எண்ணிய எண்ணிக்கையும் இறங்கும்போது எண்ணியதும் ஒத்துப்போனால் நினைத்தது நடக்கும் என்கிறார்கள். எனக்கு ஒன்று குறைந்தது.

படி ஏறியதும் நேரே முன்னால் பார்க்காமல், பக்கத்தில் இருக்கும் ஷாதி முல்க் ஆகாவின் சமாதிக்குள் நுழையுங்கள். தைமூரின் மருமகளான, அதாவது சகோதரியின் மகளான அந்தப் பெண் இளவயதில் இறந்துபோக, தாய் 1372இல் எழுப்பியது இது. பின்னர் அந்தத் தாயும் இங்கேயே அடக்கமானார். இந்த வீதியில் புதுப்பிப்பவர்களின் கை அதிகம் படாத சுவர்கள் இவைதாம். ஓடு என்று சொன்னேனே, இங்கே ஓடு தட்டையாகவே இல்லை. ஈரக் களிமண்ணில் இரண்டு விரல் ஆழத்துக்குப் பூவையும் கொடியையும் எழுத்தையும் செதுக்கி, அதன்மேல் மெருகு ஊற்றிச் சுட்டிருக்கிறார்கள். குழிவுகளில் தேங்கிய மெருகு கரும்பச்சையாகவும், மேடுகளில் வழிந்து இளைத்த மெருகு வெளிர்நீலமாகவும் நிற்கிறது. ஒரே வண்ணம்; ஆழத்துக்கு ஏற்ப மாறும் சாயல்கள். கைப்பேசி விளக்கைச் சுவரோரமாகச் சாய்த்துப் பிடித்தால் ஒரு முழத்துக்குள் பத்து வகை நீலம் தெரியும். நாங்கள் அந்தச் சிறு அறைக்குள் நாற்பது நிமிடம் இருந்தோம். முதல் நாள் முழு வீதிக்கும் தந்த நேரத்தைவிட அது அதிகம்.

இதே வீதியில் 2005ஆம் ஆண்டு நடந்த புதுப்பிப்பு, கட்டடக்கலை அறிந்தவர்களின் கடும் கண்டனத்துக்கு உள்ளானது. ஓடு உதிர்ந்திருந்த இடங்களையெல்லாம் புது ஓடால் நிரப்பியதில், பழையதும் புதியதும் எங்கே சேர்கின்றன என்ற கோடே பல இடங்களில் அழிந்துவிட்டது. ரெகிஸ்தானில் பழகிய கண்ணோடு பார்த்தால் ஓரளவுக்குக் கண்டுபிடிக்கலாம். அதைக் குறையாகச் சொல்லும் அதே வேளையில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இது அருங்காட்சியகம் அல்ல. மக்கள் ஜியாரத்துக்கு, அதாவது அடக்கத்தலத்தைத் தரிசித்து வேண்டிக்கொள்ள, வரும் இடம். கிராமத்துக் குடும்பங்கள் பூப்போட்ட தலைத்துணியோடும் கைக்குழந்தைகளோடும் வந்து, குஸம் அவர்களின் அடக்கத்தலத்துக்கு முன்னால் பெஞ்சில் அமர்கிறார்கள். ஒருவர் ஓத, எல்லோரும் உள்ளங்கைகளை ஏந்தி, முடிந்ததும் முகத்தில் தடவிக்கொண்டு எழுந்து போகிறார்கள். நாகூர் தர்காவுக்குப் போய் வந்த நமக்கு அந்தக் காட்சி அந்நியமாக இராது. அவர்களுக்கு ஓட்டின் வயது ஒரு பொருட்டே அல்ல. சுத்தமாக, அழகாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். அங்கே வரும்போது தோள், முழங்கால் மறையும் உடை அணிவதும், ஓதும் நேரத்தில் கேமராவைக் கீழே இறக்குவதும் நம் கடமை.

உலுக் பேக்கின் வானாய்வுக்கூடத்தைத் தொகுப்பில் வேன் சன்னல் வழியே கைநீட்டிக் காட்டினார்கள். மேலே பார்க்க அதிகம் இல்லை என்பது உண்மைதான். மூன்று அடுக்குக் கட்டடம் எப்போதோ தரைமட்டமாகிவிட்டது. இடம் எதுவென்றே மறந்துபோய், 1908இல் வியாத்கின் என்பவர் தோண்டிக் கண்டுபிடிக்கும்வரை மண்ணுக்குள் கிடந்தது. ஆனால் கூரை போட்ட அந்தக் குழிக்குள் எட்டிப் பாருங்கள். இரண்டு கல் தண்டவாளங்கள் இணையாக வளைந்து இருட்டுக்குள் இறங்குகின்றன. அவற்றில் பாகைக் கோடுகள். ஏறக்குறைய 40 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் ஒரு வில் அது. தொலைநோக்கி இல்லாத காலத்தில் கருவியைப் பெரிதாக்கித் துல்லியத்தைப் பெற்றார்கள். இங்கே 1018 விண்மீன்களின் இருப்பிடங்களைக் கணித்துப் பட்டியலிட்டார்கள். விண்மீன் ஆண்டின் (விண்மீன்களை வைத்துக் கணக்கிடும் ஆண்டின்) நீளத்தை ஒரு நிமிடத்துக்கும் குறைவான பிழையோடு சொன்னார்கள். வியாத்கினின் கல்லறையும் அந்தக் குன்றிலேயே இருக்கிறது.

அங்கிருந்து ஊருக்குத் திரும்பும் வழியில் அஃப்ராசியாப் அருங்காட்சியகம். 1220இல் மங்கோலியர் அழித்த பழைய நகரம் இந்த மேட்டில்தான் இருந்தது. 1965இல் சாலை போடும்போது வெளிப்பட்ட 7ஆம் நூற்றாண்டுச் சுவரோவியங்கள் ஒரே அறையில் நான்கு பக்கமும் வைக்கப்பட்டுள்ளன. மன்னர் வர்குமானைக் காண வரும் பல நாட்டுத் தூதர்கள், யானை செல்லும் ஊர்வலம், படகில் அமர்ந்த சீனப் பெண்கள். மிகவும் சிதைந்துபோன கிழக்குச் சுவர் இந்தியாவைக் குறிப்பதாக ஆய்வாளர் சிலர் கருதுகின்றனர். கூட்டமே இல்லாத இடம். காவலுக்கு இருந்த அம்மாள் எங்களுக்காகவே விளக்கைப் போட்டார்.

கோனிகில் கிராமத்துக் காகிதப் பட்டறைக்கு ஒரு முற்பகலை ஒதுக்கலாம். முசுக்கொட்டைக் கிளையின் பட்டையை உரித்து வேகவைத்து, நீர்ச்சக்கரத்தில் இயங்கும் மர உலக்கைகளால் இடித்துக் கூழாக்கி, சல்லடையில் அள்ளித் தாளாக்கி, பலகையில் உலர்த்திய பின் வழவழப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றுகிறார்கள். தேய்க்காத தாளில் மை பரவுகிறது, தேய்த்ததில் நிற்கிறது. இரண்டையும் தொட்டுப் பார்க்கத் தருகிறார்கள். வாங்கச் சொல்லி யாரும் வற்புறுத்தவில்லை என்பதைக் கம்பளக் கூடத்து நினைவோடு குறித்துக்கொண்டேன்.

செலவைப் பொறுத்தவரை, இந்தியர்களுக்கு மின்விசா எளிதாகவே கிடைக்கிறது. ஒவ்வோர் இடத்துக்கும் தனித்தனி நுழைவுச்சீட்டு; வெளிநாட்டவருக்குக் கட்டணம் அதிகம். ஒரு டாலருக்கு உஸ்பெக் நாணயமான சோம் சுமார் பன்னிரண்டாயிரம் வருவதால், முதல் நாள் பூஜ்யங்களை எண்ணியே தலை சுற்றும். ஊருக்குள் யாண்டெக்ஸ் செயலி வழியே வாடகைக் கார் வைத்துக்கொள்வது மலிவு. பேரம் பேச வேண்டியதில்லை. ஏப்ரல், மே, செப்டம்பர், அக்டோபர் நல்ல காலம். ஜூலை வெயிலில் ரெகிஸ்தான் கல்தளத்தில் நிற்கவே முடியாது என்று விடுதிக்காரர் சொன்னார். இரண்டாம் முறை மூன்று நாட்களுக்கு எங்கள் இருவருக்கும் தங்குமிடம், உணவு, நுழைவுச்சீட்டு, ரயில் எல்லாம் சேர்த்து ஆன தொகை, ஒருநாள் தொகுப்புக்குக் கொடுத்ததைவிடச் சற்றே அதிகம், அவ்வளவுதான்.

ஒரே நாள்தான் கையில் இருக்கிறது என்பவர்கள், தொகுப்பு எதையும் வாங்காமல் ரயில் சீட்டை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். நிலையத்திலிருந்து நேரே ஷா-இ-ஸிந்தாவுக்குப் போய் இரண்டு மணி நேரம் இருந்துவிட்டு, சியோப் சந்தையில் ரொட்டி வாங்கிக்கொண்டு, மதிலில் உள்ள கதவுகளில் ஏதாவது ஒன்றின் வழியே சந்துக்குள் நுழைந்து ரெகிஸ்தான் வரை நடந்தே வாருங்கள். தில்லா-கோரியின் பழைய படங்களைப் பார்த்த பிறகு வெளியே வந்து சதுக்கத்தைத் திரும்ப ஒருமுறை பாருங்கள். மற்றவற்றை அடுத்த பயணத்துக்கு விட்டுவிடலாம். மாலை ரயிலுக்கு இருக்கைகள் பல நாள் முன்னதாகவே தீர்ந்துவிடுவதால், போவதற்கு முன் திரும்பும் சீட்டை எடுத்துவிடுங்கள்.